ஐந்து கோல்களும் நான் மாற்றி வாசித்த தாளும்

தாளை மேசையில் வைத்து, அதன் ஓரங்களை இரண்டு பெருவிரல்களாலும் அழுத்திக்கொண்டு வாசித்தேன். கையில் பிடித்தால் சலசலக்கும். சலசலத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

எதிரே ஹேமிஷ் இருந்தார். அவருடைய அறையில் ஹீட்டர் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. கீழே லண்டனின் ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் பஸ் ஒன்று நின்று பெருமூச்சு விட்டது. மேசையில் தேநீர் ஆடை கட்டிவிட்டது. இருவரும் தொடவில்லை.

அவர் ஆடிய ஒரு பழைய உதைபந்தாட்டத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்தி அது. முதற் பாதி ஆட்டத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசித்தேன். அவர் பெனால்டி ஒன்றைப் பாய்ந்து தடுத்ததை வாசித்தபோது, "இன்னொருக்கா," என்றார். இன்னொரு முறை வாசித்தேன். பிறகு, இடைவேளைக்குச் சற்று முன், எதிரணி வீரன் ஒருவனின் முழங்கால் அவருடைய தலையில் மோதிய இடம் வந்தது.

அதற்கு அடுத்த வரியில், ஹேமிஷ் தள்ளாடியபடியே திரும்பி வந்து கோலில் நின்றார் என்று இருந்தது. ஹேமிஷ் கோலுக்குத் திரும்பவில்லை என்று வாசித்தேன்.

"அவரை வலது ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, பின்கள வீரர் வில்லி கோல்காப்பாளரின் மஞ்சள் ஜேர்சியைப் போட்டுக்கொண்டார்," என்று, அச்சில் இருப்பதை வாசிப்பவனின் அதே நிதானத்தோடு வாசித்தேன். அதன் பிறகு வந்த ஐந்து கோல்களையும் வில்லியின் தலையில் போட்டேன்.

ஹேமிஷ், "அப்ப நானில்லை?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

தொண்ணூற்றொரு வயதில் ஒருவருடைய முகம் அப்படி மலரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அவர் பேச்சும் என் பேச்சும்

மனைவி போன பிறகு நான் குடிவந்த முதியோர் குடியிருப்பைப் பற்றிச் இந்தத் தொடரில் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். ஹேமிஷ் எனக்கு அடுத்த கதவு. ஸ்கொட்லாந்துக்காரர். ஐம்பதுகளில் அங்கே தொழில்முறை உதைபந்தாட்டத்தில் கோல்காப்பாளராக இருந்தவர்.

முதல் மூன்று மாதம் அவர் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில்தான் கணிதம் படித்தேன். முப்பது வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். இருந்தும் அவர் "வா, இரு" என்பதைக்கூட இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. லண்டன்காரர்கள் அவருடைய பேச்சுக்குச் சிரிப்பார்கள், சென்னையில் கடைக்காரர்கள் என் பேச்சுக்குச் சிரித்ததுபோல. ஆகவே இந்த அத்தியாயத்தில் அவரை யாழ்ப்பாணத் தமிழிலேயே பேச விடுகிறேன். அவர் ஆட்சேபிக்க மாட்டார்.

அவருடைய கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது. நேரே பார்த்தால் ஒன்றும் இல்லை. ஓரங்கள் மட்டும் தெரியும். "கோல் காக்கிறவனுக்கு ஓரந்தானே முக்கியம்," என்பார். வரும் கடிதங்களையும் மருந்துச் சீட்டுகளையும் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தையும் நான்தான் வாசித்துக்காட்டுவேன். அவர் என்னை முழுதாக நம்பினார். கணித வாத்தியார் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

நனைந்த கம்பளி

அவருடைய விரல்களைப் பார்த்தாலே அவர் செய்த தொழில் தெரிந்துவிடும். வலது கையில் மூன்று விரல்கள் மூன்று திசையில் போகும். முறிந்ததும் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை ஆடியிருக்கிறார்.

பகலில் கப்பல் கட்டும் தளத்தில் ஆணி அடிக்கும் வேலை. வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி. அதுவும் புல்லில் அல்ல, கரித்தூள் கொட்டிய மைதானத்தில். பாய்ந்து விழுந்தால் இடுப்பில் கரி ஏறும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தாய் ஊசியால் அதைக் கிண்டி எடுப்பாராம்.

அக்காலத்துப் பந்து தோல். மழையில் நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும். வெயிலுக்குத் தொப்பி, மழைக்குக் கம்பளிக் கையுறை. கம்பளி நனைந்தால் வழுக்குமே என்று நான் கேட்டேன்.

"நனைஞ்ச தோலை நனைஞ்ச கம்பளிதான் பிடிக்கும், பாலா. காய்ஞ்ச கை வெறும் வடிவுக்கு," என்றார்.

பந்தோடு சேர்த்துக் கோல்காப்பாளரைத் தோளால் இடித்து வலைக்குள் தள்ளலாம், அதுவும் கோல்தான். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. பதினொரு பேரோடு தொடங்கினால் அந்தப் பதினொரு பேரோடுதான் முடிக்க வேண்டும். கோல்காப்பாளருக்கு அடிபட்டால் வேறொருவன் அவருடைய ஜேர்சியை வாங்கிப் போட்டுக்கொண்டு கோலில் நிற்பான். அடிபட்டவர் நொண்டிக்கொண்டு ஓரத்தில் நின்று ஆட்கணக்கை நிரப்புவார். இதை அவரே சொல்லித்தான் நான் அறிந்தேன். அவர் சொல்லித்தந்ததை வைத்தே அவருக்குப் பொய் கட்டினேன்.

காணாமற்போன பாதி

அந்த ஆட்டத்தைப் பார்க்க நாட்டு அணிக்கு ஆள் தெரிவு செய்பவர்கள் வந்திருந்தார்கள், ஹேமிஷைப் பார்ப்பதற்காகவே. முதற் பாதியில் அவரைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. இரண்டாம் பாதியில் ஐந்து போயின.

அந்த இரண்டாம் பாதி அவருக்கு ஞாபகத்தில் இல்லை. தலையில் அடி. பிறகு நேராகக் குளியல் தொட்டி. பதினொரு பேரும் ஒன்றாக இறங்கும் பெரிய தொட்டி அது. வில்லி அவருடைய முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தானாம். "எத்தினை?" என்று ஹேமிஷ் கேட்டாராம். "விடு, ஹேமி," என்றானாம் வில்லி.

தெரிவுக்காரர்களின் கடிதம் வரவில்லை. அதன் பிறகு சிறிய அணி. பிறகு அதைவிடச் சிறியது. கடைசியில் லண்டனின் தெற்கே, நாய் கூட்டிக்கொண்டு வருபவர்கள் நின்று பார்க்கும் ஓர் அணி. பிறகு தபால்காரர் வேலை.

"விட்டது விட்டதுதான்," என்பார். "ஆனால் எப்பிடி விட்டனான்? அஞ்சும் பிடிக்கேலாத பந்தோ, இல்லை நான் மரம்மாதிரி நிண்டனானோ? வில்லியைக் கேட்டால் அவன் வாய் திறக்கிறானில்லை. அப்ப பேப்பரை வாசிக்கத் துணிவில்லை, இப்ப கண்ணில்லை. எனக்கு அது தெரியாமல் சாகேலாது, பாலா."

நான் நூலகத்துக்குப் போனேன். பழைய பத்திரிகைகளை இப்போது கணினியில் பார்க்கலாம். ஒரு பகல் முழுவதும் தேடி, அந்த ஆட்டத்தைப் பற்றிய செய்தியைக் கண்டுபிடித்துப் பிரதி எடுத்தேன். திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே வாசித்தேன். கடைசிக் கோலைப் பற்றிய வரிகளை மட்டும் மூன்று முறை வாசித்தேன். ஸ்ட்ரெதம் நிலையத்தருகே இறங்கியபோது, இதை அவரிடம் வாசிக்க என்னால் ஏலாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் பொய் சொல்வது என்று எந்த இடத்தில் தீர்மானித்தேன்? எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. அந்த வரியில் கண் நின்றது. வாய் நிற்கவில்லை.

அல்சர்

இதை எழுதாமல் மேலே போக முடியாது.

எங்களில் நோயாளிக்கு நோயைச் சொல்வதில்லை. ஒருவர் இறந்தால்கூட, தூரத்தில் இருக்கும் மகனுக்கு "அப்பாவுக்குச் சுகமில்லை, வெளிக்கிட்டு வா" என்றுதான் சொல்வோம். அதை நாங்கள் பொய் என்று எண்ணுவதில்லை. நானும் எண்ணியதில்லை.

என் மனைவி பத்மாவுக்கு ஆங்கிலம் கடைக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. டொக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். டொக்டர் வயிற்றில் புற்றுநோய் என்றார். நான் அல்சர் என்றேன். "அவருக்கு விளங்கியதா?" என்று டொக்டர் என்னைக் கேட்டார். "நன்றாக விளங்கியது," என்றேன்.

நாலு மாதம் அப்படியே போயிற்று. ஒருநாள் பத்மா கேட்டாள்: "அல்சர் எண்டால் ஆளை இப்பிடி உருக்குமோ? நீங்கள் எல்லாரும் ஒண்டுமில்லை எண்டு சொல்லுறியள். பிறகேன் இப்பிடி நோகுது? எனக்குத்தான் பிரமையோ?"

"பிரமைதான்," என்றேன். "கண்டதையும் யோசிக்காமல் படுத்திரும்."

அவள் அதற்குப் பிறகு வலியைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஐந்து மணி

வில்லி இன்னும் கிளாஸ்கோவில்தான் இருக்கிறார். அந்தப் பதினொரு பேரில் மிச்சம் இவர்கள் இருவர்தான். சனிக்கிழமைதோறும் ஆட்டங்கள் முடியும் நேரம், ஐந்து மணிக்கு, வில்லி தொலைபேசி எடுப்பார். எழுபது வருடச் சிநேகிதம். இருவரும் பத்து நிமிடம் இன்றைய ஆட்டக்காரர்களைத் திட்டுவார்கள். அடுத்த பத்து நிமிடம் ஒருவரையொருவர் திட்டுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஹேமிஷின் சிரிப்புக் கேட்கும்.

நான் வாசித்த வாரத்துச் சனிக்கிழமை சிரிப்புக் கேட்கவில்லை.

ஆறுதல் கொடுத்ததோடு விஷயம் முடிந்தது என்றுதான் நான் இருந்தேன். ஹேமிஷ் அதற்குள் அடுத்த கணக்கையும் போட்டுவிட்டார். தான் இல்லை என்றால் வில்லி. வில்லி என்றால் அது வில்லிக்குத் தெரியும். தெரிந்தும் அறுபது வருடத்துக்கு மேலாக வாயைத் திறக்கவில்லை.

"அப்ப ஏன் எல்லாரும் என்ரை பேரைச் சொன்னவை?" என்று என்னை ஒருமுறை கேட்டார்.

"ஆட்டத் தாளிலை கோல்காப்பாளர் எண்டு உங்கடை பேர்தானே முதலே அச்சடிச்சிருக்கும்," என்றேன். முதற் பொய்க்கு முட்டுக்கொடுக்க இரண்டாவது. அது எவ்வளவு இலகுவாக வந்தது!

அந்தச் சனிக்கிழமை தொலைபேசியில் அவர் கத்தியது சுவரைத் தாண்டிக் கேட்டது. "நீதானடா உள்ளுக்கை நிண்டனி! பேப்பரிலை கிடக்குது!" பிறகு தொலைபேசியை அடித்து வைத்த சத்தம்.

நான் ஓடிப்போய், "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். வில்லி மறுத்திருப்பார், எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்று உள்ளூர ஒரு பயம், ஒரு நிம்மதியும்கூட.

"'அப்பிடியோ?' எண்டான். 'இருக்கும்' எண்டான். ஒத்துக்கொண்டான் பாலா, கள்ளன்!"

வில்லி கோலில் நிற்கவில்லை. அது எனக்குத் தெரியும். வில்லிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு ஏன் ஒத்துக்கொண்டார்? வீட்டுக்கு வந்து தாளை எடுத்து மீண்டும் வாசித்தேன். ஒருவேளை பத்திரிகைக்காரன் பிழையாக எழுதிவிட்டானா? நான் பொய்யாகச் சொன்னதுதான் நடந்ததா? அன்று மாலை அதைக்கூட நம்பத் தயாராக இருந்தேன்.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஹேமிஷ் எடுக்கவில்லை. முதல் வாரம் பன்னிரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது வாரம் நாலு முறைதான் அடித்தது.

துஷி சொன்னது

ஞாயிறுகளில் என் மகள் துஷி குரோய்டனிலிருந்து காரில் சாப்பாடு கொண்டுவருவாள். அந்த மூன்றாவது சனிக்கிழமைக்கு மறுநாள், கறியைச் சூடாக்கிக்கொண்டிருந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன் என்றால் நம்புவீர்களா?

அவள் அடுப்பை நிறுத்தினாள்.

"அம்மாவுக்குச் செய்ததையே அவருக்கும் செய்திருக்கிறியள்."

"அவருக்கு ஓர் ஆறுதலுக்கு, பிள்ளை..."

"அவருக்கில்லை அப்பா, உங்களுக்கு. எதிரிலை இருக்கிற ஆள் அழுதால் உங்களாலை பாக்கேலாது. அதுதான் உங்கடை நோய்."

"அம்மா நிம்மதியாய்த்தானே..."

"அம்மாவுக்குத் தெரியும்," என்றாள் துஷி. "கடைசி மாதம் என்னட்டைக் கேட்டவ. நான் சொன்னனான். 'அப்பாவுக்குச் சொல்லாதை, தாங்க மாட்டார்' எண்டு சொன்னவ."

பத்து வருடமாக இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. யார் யாரைக் காத்தோம், யாரிடமிருந்து காத்தோம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றுவரை விளங்கவில்லை. கறியை அப்படியே விட்டுவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினேன்.

உள்ளதை வாசித்தது

"ஹேமிஷ், அண்டைக்கு நான் மாத்தி வாசிச்சனான்."

அவர் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டார். ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பதற்காக.

"எந்த வரியிலையிருந்து?"

"இடைவேளைக்குப் பிறகு."

"பெனால்டி?"

"அது உண்மை."

"நல்லது," என்றார். "டெலிபோனை எடு."

இலக்கத்தை நான்தான் அழுத்தினேன். சத்தமாகக் கேட்கும் பொத்தானையும் அழுத்தச் சொன்னார். வில்லியின் மனைவி இசபெல் எடுத்தார். ஹேமிஷின் குரலைக் கேட்டதும் வில்லியிடம் கொடுத்துவிட்டார்.

"என்ன, திரும்பவும் ஏசப்போறியோ?" என்றது மெலிந்த ஒரு குரல்.

"அஞ்சும் என்ரை, வில்லி. நீ உள்ளுக்கை நிக்கேல்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் மாத்தி வாசிச்சுப்போட்டார்."

"நான் ஜேர்சி போடேல்லை?"

"இல்லை."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறெதுவுமா என்று சொல்லத் தெரியவில்லை.

"எனக்கு அப்பிடி ஒண்டும் ஞாபகமில்லை, ஹேமி. ஆனால் பேப்பரிலை கிடக்கெண்டு நீ சொன்னாய். அப்ப என்ரை மண்டை பழுதாப் போச்சு எண்டு நினைச்சன். இசபெல் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவள். ஞாபகத்தைச் சோதிக்கவெண்டு ஒரு மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னாங்கள்."

"கீறினனியோ?"

"வடிவாய்க் கீறினன். ஆனால் எனக்கு நம்பிக்கை வரேல்லை. மூண்டு கிழமையாய், காலமை எழும்பினவுடனை, அவள் முழிக்க முந்தி, அவளின்ரை பேரைச் சொல்லிப் பாக்கிறனான். பிறகு பிள்ளையளின்ரை பேர்."

ஹேமிஷ் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.

"நான்தான் மாத்தி வாசிச்சவன்," என்றேன்.

"ஏன்?"

"ஹேமிஷுக்கு ஆறுதலாய் இருக்குமெண்டு."

"எனக்கு?"

மனதில் இருந்ததைச் சொன்னேன். "உங்களை நான் யோசிக்கவே இல்லை. தாளிலை ஒரு பேர் வேண்டியிருந்தது. உங்கடை பேர் பக்கத்திலை கிடந்தது. என்னை மன்னியுங்கோ."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "தாள் கையிலை கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப வாசியும். உள்ளதை வாசியும்."

வாசித்தேன். முதற் கோல் மூலையிலிருந்து வந்த பந்து, காற்றில் வளைந்தது. "அந்த மைதானத்திலை எப்பவும் காத்து," என்றார் வில்லி. இரண்டாவது, தலையால் முட்டியது. மூன்றாவதை வாசித்ததும் வில்லி பாய்ந்தார்.

"அது ஓஃப்சைட், கோலே இல்லை! எனக்கு நல்ல ஞாபகம்!"

"எங்கத்தை ஓஃப்சைட்? நீதான் கோல் வாசலிலை படுத்துக் கிடந்திருப்பாய், பிறகெப்பிடி ஓஃப்சைட் வரும்!"

நாலாவது, வில்லியின் காலில் பட்டுத் திசைமாறிப் போனது. அது தாளில் தெளிவாக இருந்தது. ஹேமிஷ் மேசையில் அடித்துச் சிரித்தார். "ஒண்டு உன்ரை! ஒண்டு உன்ரை!"

"அரைவாசி," என்றார் வில்லி.

ஐந்தாவதற்கு வந்தேன். தூரத்திலிருந்து, வேகமே இல்லாமல் உருண்டு வந்த பந்து. ஹேமிஷ் குனிந்தார், அது அவருடைய கைகளுக்கு அடியால் உருண்டு போயிற்று. பார்வையாளர்களில் ஒரு பகுதி சிரித்ததாகவும் எழுதியிருந்தது. அதையும் வாசித்தேன். குரல் இரண்டு இடத்தில் நின்றது. நின்று, மறுபடி வாசித்தேன்.

ஹேமிஷ் தம்முடைய கைகளை மடியில் விரித்துவைத்து, முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் அவற்றைப் பார்த்தார்.

"அதை நான் பிடிச்சிருக்க வேணும்," என்றார்.

தலையில் அடிபட்டவர் என்ன செய்வார் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

"ஓம், ஹேமி," என்றது கிளாஸ்கோவிலிருந்து அந்தக் குரல். "பிடிச்சிருக்க வேணும்."

ஹேமிஷ் அவருக்கு நன்றி சொன்னார்.